ஆசிரியர் பட்டம்: தோட்டக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா?

எஸ்பிஎம் முடிவுகள் வெளிவரும் வாரத்தில் நெகிரி செம்பிலான் தோட்ட வீடுகள் பலவற்றில் ஒரே கேள்விதான் எழுகிறது. பிள்ளையை ஆசிரியர் படிப்புக்கு அனுப்புவதா, நீலாய் அல்லது செனாவாங் தொழிற்சாலையில் சேர்த்து அடுத்த மாதமே சம்பளம் பார்ப்பதா? லாபுவிலும் சிலியாவிலும் பகாவ் வட்டாரத்திலும் செம்பனையை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இது ஐந்து வருட வரவு செலவு.

தோட்டத்தில் ஆசிரியர் வேலைக்கு எப்போதும் மரியாதை உண்டு, நல்ல சம்பளம் எப்போதும் இருந்ததில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் பகுதி நேரமாகப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அன்றைய தோட்ட ஆசிரியரின் கூலியோடு இன்றைய அரசாங்க ஆசிரியரின் சம்பளத்தை ஒப்பிட முடியாது.

இன்று வழி இரண்டு. முதலாவது, எஸ்பிஎம் முடித்த கையோடு ஆசிரியர் கல்விக் கழகத்தில் சேர்வது. தயார்நிலை வகுப்பும் அதன்பின் நான்காண்டு இளங்கலைப் படிப்பும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள். கல்விச் செலவை அரசாங்கம் ஏற்கிறது, மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. சிரம்பானில் ராஜா மெலேவார் வளாகம் இருக்கிறதே என்று பெற்றோர் நம்பியிருக்க வேண்டாம். எந்தப் பாடம் எந்த வளாகத்தில் என்பதைக் கழகமே முடிவு செய்யும், பிள்ளை வேறு மாநிலத்துக்கும் போக நேரலாம்.

கையிலிருந்து போகும் காசு குறைவுதான். சட்டைத் துணி, மடிக்கணினி, மருத்துவப் பரிசோதனை, விடுமுறைக்கு வந்து போகும் பஸ் செலவு ஆகியவையே முதல் மாதங்களில் நெருக்கும். படித்து முடித்ததும் அரசாங்கத்தில் பணியாற்றுவதாக ஒப்பந்தமும் போட வேண்டும். அதற்கு ஜாமீன் கேட்கப்படும்போது, கையெழுத்துப் போட ஆள் தேடியே சில தோட்டக் குடும்பங்கள் அலைகின்றன. கடிதம் வந்த அன்றே உறவினரிடம் பேசி வைப்பது நல்லது.

பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாதது: அந்த ஐந்து ஆண்டுகளில் பிள்ளை சம்பாதிக்காமல் விட்ட பணம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட். ஐந்து ஆண்டுக்கு அது 1,02,000 ரிங்கிட். தொழிற்சாலையில் ஓவர்டைம் செய்தால் இன்னும் கூடும்.

இப்போது வரவைப் பார்ப்போம். பட்டதாரி ஆசிரியரின் பழைய டிஜி41 நிலையில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 2,188 ரிங்கிட், ஆண்டு உயர்வு 225 ரிங்கிட். முதல் மாதத்தில் குறைந்தபட்ச சம்பளத்தைவிட 488 ரிங்கிட்தான் அதிகம். "இதற்கா ஐந்து வருடம்?" என்று தோன்றும். ஆனால் எட்டாவது ஆண்டில் அடிப்படைச் சம்பளமே 3,763 ஆகிவிடும். ஆண்டுதோறும் கூடும் இந்த வித்தியாசத்தைக் கூட்டினால், விட்ட பணம் வேலைக்குச் சேர்ந்து ஏழு ஆண்டும் ஏறக்குறைய இரண்டு மாதமும் கழிந்து திரும்பிவிடும். அப்போது பிள்ளைக்கு வயது முப்பதைத் தாண்டியிருக்கும். இது கஞ்சக் கணக்கு. வீட்டு வாடகைப் படி முதலிய நிலையான படிகளும், பயிற்சிக் கால உதவித்தொகையும் இதில் இல்லை. 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்த புதிய ஊதியத் திட்டம் டிஜி41ஐ டிஜி9 ஆக மாற்றி, 8 விழுக்காடும் 2026 ஜனவரியில் 7 விழுக்காடும் என இரண்டு கட்டமாகச் சம்பளத்தை உயர்த்துகிறது. இவற்றையும் சேர்த்தால் காலம் நன்றாகவே சுருங்கும். மறுபக்கம், குறைந்தபட்ச சம்பளமும் உயர்ந்துகொண்டே போகும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது வழி, எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேஷன் முடித்து, தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் கல்வியியல் பட்டம் பெறுவது. 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997இல் பல்கலைக்கழகமான இங்கு தமிழ்மொழிக் கல்விக்கும் பட்டப்படிப்பு உண்டு. பலர் பிடிபிடிஎன் கடனில்தான் படிக்கிறார்கள். சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு என்பதால் வட்டி பயமில்லை, பட்டம் வாங்கினாலே வேலை நிச்சயம் என்பதும் இல்லை. கல்விச் சேவை ஆணையத்தின் நேர்முகத் தேர்வைத் தாண்ட வேண்டும், காலி இடமும் இருக்க வேண்டும். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் மேற்சொன்ன கணக்கைத் தள்ளிப்போடும். பணமுடை உள்ள வீட்டுக்கு, இடம் கிடைக்குமானால், முதல் வழியே பாதுகாப்பானது.

வேலையின் எதிர்காலத்தையும் பார்க்க வேண்டும். நாட்டில் 520க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒரு காலத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த மாணவர் எண்ணிக்கை இப்போது எண்பதாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. 150 பேருக்கும் குறைவானால் அது குறைந்த மாணவர் பள்ளி. தோட்டப் பள்ளிகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. ஆங்கிலம், கணிதம், சிறப்புக் கல்வி போன்ற துறைகளையும் மனத்தில் வைத்து விண்ணப்பிப்பது விவேகம்.

ஓய்வூதியம் பற்றிய பழைய நம்பிக்கையும் மாற வேண்டும். 2024 பிப்ரவரி முதல் புதிதாக நியமிக்கப்படும் அரசாங்க ஊழியர்களுக்கு ஓய்வூதியத்துக்குப் பதிலாக ஊழியர் சேமநிதி என்று அரசாங்கம் அறிவித்தது. "வாத்தியார் வேலை என்றால் சாகும்வரை பென்சன்" என்று தாத்தா போட்ட கணக்கை அப்படியே பேரப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது. நியமனக் கடிதம் வந்ததும் அந்தப் பகுதியை முதலில் படித்துவிட வேண்டும்.