கருப்பன், வள்ளி (கதைமாந்தர்)

பி. எச். டேனியல் எழுதிய ‘ரெட் டீ’ (1969) என்ற ஆங்கிலப் புதினத்தின் முதன்மைக் கதைமாந்தர் கருப்பனும் வள்ளியும். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களே கதைக்களம். கோவையைச் சேர்ந்த எழுத்தாளர் இரா. முருகவேளின் தமிழாக்கம் ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் 2007இல் வெளிவந்த பிறகுதான் இவ்விருவரும் தமிழ் வாசகரிடம் பரவலாக வந்து சேர்ந்தார்கள். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர். தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியதிலும் அவருக்குப் பங்குண்டு.

கதை 1920களில் நடக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் மயிலோடை என்ற ஊரில் பிழைக்க வழியற்றுப்போன இளம் தம்பதி, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி நீட்டிய முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். கடனை அடைத்து, நாலு காசு மிச்சம் பிடித்து ஊர் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஆனால் கணக்கு முடிக்கும் நாளில் கூலி கரைந்து கடன் நிற்கிறது. அடைமழை, அட்டைக்கடி, வரிசை வீடுகளில் ஒவ்வொருவராகச் சாய்க்கும் மலேரியா, பெண்களிடம் மேலாளர்கள் செய்யும் அத்துமீறல் என்று நாள்கள் போகின்றன. தப்பி ஓடவும் வழியில்லை. ஒப்பந்தம் முடியும் முன் தோட்டத்தை விட்டுப் போனவரைத் தண்டிக்கச் சென்னை மாகாணத்தின் 1903ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் இடம் கொடுத்திருந்தது.

சங்கத்துக்காக உழைத்தவர் எழுதிய கதை என்றாலும், கருப்பன் இதில் கொடி பிடிக்கும் தலைவன் அல்லன். புதினத்தின் பலமே அதுதான். காய்ச்சலில் கிடக்கும் ஒருவருக்கு மற்றவர் கஞ்சி காய்ச்சுவதும், ஊருக்குப் போகும் நாளைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதும் இங்கே சிறிய செய்திகள் அல்ல. மனிதரை வேலைக்கணக்காக மட்டும் பார்த்த தோட்டத்தில், ஒருவருக்கொருவர் மனிதராகவே இருந்துவிடுவது அவர்களின் பெரிய சாதனை. புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’ கதையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பிய மருதிக்கு இப்படி ஒரு துணை வாய்க்கவில்லை.

இப்புதினத்தைத் தழுவி பாலா இயக்கிய ‘பரதேசி’ திரைப்படம் 2013இல் வெளியானது. அதில் வரும் மருத்துவரை மதம் பரப்புபவராகக் காட்டியது கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. அந்த விமர்சனம் நியாயமானதே. கதைமாந்தரைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய மாற்றம் வேறொன்று. படத்தில் நாயகி அங்கம்மா ஊரில் இருக்க, நாயகன் ராசா மட்டும் மலையேறுகிறான். ஒரே கூரையின் கீழ் இருவருமாகக் கடனைச் சுமக்கும் வாழ்க்கை அங்கே இல்லை.