குறிப்பாயமும் காலவெளி வரைபடமும்

ஒரு நிகழ்வு எங்கே, எப்போது நடந்தது என்று அளப்பதற்கான அளவுகோல்களும் கடிகாரங்களும் சேர்ந்த அமைப்பு குறிப்பாயம். முடுக்கம் இல்லாதது நிலைமக் குறிப்பாயம். இந்த அளவுகளைத் தாளில் காட்டுவது காலவெளி வரைபடம்: கிடையச்சில் தொலைவு, செங்குத்தச்சில் காலம். அதில் ஒரு புள்ளி ஒரு நிகழ்வு. ஒரு பொருளின் நிகழ்வுகள் தொடர்ந்து வரையும் கோடு அதன் உலகக்கோடு.

வரலாறு

இயற்பியல் விதிகள் எல்லா நிலைமக் குறிப்பாயங்களிலும் ஒன்றே, வெற்றிடத்தில் ஒளியின் வேகமும் (நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கி.மீ.) ஒன்றே. இவ்விரண்டு எடுகோள்களின் மேல் ஐன்ஸ்டைன் 1905இல் சிறப்புச் சார்பியலை எழுப்பினார். அவருடைய முன்னாள் கணித ஆசிரியர் ஹெர்மான் மின்கோவ்ஸ்கி 1908இல் அதற்கு வடிவியல் உருவம் தந்தார். இருவரின் கட்டுரைகளையும் மேகநாத் சாகாவும் சத்தியேந்திரநாத் போஸும் ஆங்கிலத்தில் பெயர்க்க, கல்கத்தா பல்கலைக்கழகம் 1920இல் நூலாக வெளியிட்டது.

எடுத்துக்காட்டு

விருதுநகர்–செங்கோட்டை ரயில்பாதையில் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அடுத்தடுத்த ஊர்கள். இடையே சுமார் 12 கி.மீ. தரைக் குறிப்பாயத்தில் இரு நிலையங்களின் உலகக்கோடுகளும் செங்குத்தானவை. ரயிலின் கோடு சாய்ந்தது. பெட்டியில் அமர்ந்திருப்பவருக்கோ அவர் இருக்கை அசையவில்லை. ராஜபாளையமே அவரை நோக்கி வருகிறது. இரண்டும் சரியான விவரிப்புகளே.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 12 நிமிடம் ஓடும் ரயிலின் கடிகாரம், நிலையக் கடிகாரங்களைவிட நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு மட்டுமே பின்தங்கும். ஒளிவேகத்தில் 60 விழுக்காட்டில் ஒரு வண்டி ராஜபாளையம் நோக்கிப் போவதாகக் கொண்டால் வேறுபாடு துலங்கும். தரையின் கணக்கில் பயணம் 66.7 மைக்ரோ நொடி. வண்டியின் கணக்கில் 53.3. ஊர்களின் இடைவெளி வண்டிக்கு 9.6 கி.மீ. தரைக்கு ஒரே கணத்தில் இரு நிலையங்களிலும் விளக்கு எரிந்தால், வண்டிக்கு ராஜபாளையத்து விளக்கு 30 மைக்ரோ நொடி முந்தி எரிந்ததாகும்.

வரைபடம் காட்டுவது

காலத்தை, அதற்குள் ஒளி கடக்கும் தொலைவாக எழுதினால் ஒளியின் கோடு 45 பாகையில் சாயும். வண்டியின் காலஅச்சு அதன் உலகக்கோடே. தொலைவு அச்சும் அதே கோணத்தில் ஒளிக்கோட்டை நோக்கிச் சாயும். அதனால்தான் ‘ஒரே கணம்’ ஆளுக்கு ஆள் மாறுகிறது.

மாறாததும் ஒன்று உண்டு. மேற்கண்ட பயணத்தின் காலம் தரைக்கு 20 கி.மீ., தொலைவு 12 கி.மீ.; வர்க்கங்களின் வேறுபாடு 256. வண்டிக்குக் காலம் 16 கி.மீ., தொலைவு சுழி. வேறுபாடு அதே 256. இதுவே காலவெளி இடைவெளி.

சான்று

வானில் சுமார் 15 கி.மீ. உயரத்தில் பிறக்கும் மியூவான் என்னும் துகள்களின் சராசரி ஆயுள், அவற்றின் சொந்தக் குறிப்பாயத்தில், 2.2 மைக்ரோ நொடி. அதற்குள் ஒளியே 660 மீட்டர்தான் செல்லும். ஆயினும் ஊட்டியிலுள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகத்தின் உணர்கருவிகள் அவற்றை இரவுபகலாகப் பதிவு செய்கின்றன. தரைக் குறிப்பாயத்தில் அவற்றின் ஆயுள் நீள்வதே காரணம்.