முதுமையில் எலும்பு முறிவுக்குப் பின் உடல்வலு மீட்பு (சபரகமுவத் தோட்டங்கள்)

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் வயதானவருக்கு ‘இடுப்பு உடைஞ்சிருச்சு’ என்றால், பெரும்பாலும் தொடையெலும்பின் மேல்முனை முறிந்திருக்கும். பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கங்கள் மழைக்குப் பேர்போனவை. பாசி பிடித்த லயத்துப் படி வழுக்கிவிட ஒரு நொடி போதும். மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தி குறைவதால், ஆயுள் முழுக்க மலையேறிக் கொழுந்து எடுத்த பெண்களும் இதற்குத் தப்புவதில்லை.

இம்முறிவுக்குப் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை தேவை, அதுவும் தாமதமின்றி. ‘கெடும் பிந்தும்’ எனப்படும் சிங்கள நாட்டு எலும்பு வைத்தியத்தில் எண்ணெயும் கட்டுமாய் நாள் கடத்தினால் நிமோனியா, படுக்கைப்புண், இரத்தக்கட்டி வந்து சேரும்.

அறுவைக்குப் பின் வரும் பெரிய கேடு அன்பினால் வருவது. ‘எழும்பாதீங்க அம்மாயி’ என்று படுக்கவைத்தே பார்க்கிறார்கள். 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நலமாயிருந்த முதியவர்களே 10 நாள் படுக்கையில் ஏறத்தாழ 1 கிலோ கால்தசையை இழந்தார்கள். இழந்ததை மீட்கவும் முடியும்: 1990இல் வெளியான ஒரு பொஸ்டன் ஆய்வில் 90 வயதை ஒட்டியவர்கள் 8 வாரம் எடைப்பயிற்சி செய்து, தொடை வலிமையைச் சராசரியாக 174 சதவீதம் கூட்டினார்கள். ஆகவே, வைத்தியர் தடுக்காவிட்டால் அறுவைக்கு மறுநாளே வோக்கரைப் பிடித்து நிற்க வேண்டும்.

பயிற்சிக்குக் கருவி தேவையில்லை. இஸ்தோப்பில் உயரமான பலகையிலிருந்து, முதலில் கையூன்றியும் பிறகு ஊன்றாமலும், எழுந்து உட்காரலாம். கதவு நிலையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தலாம். அப்புறம் படி. ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது காயப்பட்ட கால் முன்னே. கூடவே ஒருவர் நிற்க வேண்டும். செயற்கை மூட்டு வைத்தவர் தொடக்கத்தில் குந்தக் கூடாது. லயத்துக்குப் பின்னாலுள்ள குந்து கக்கூசு அவருக்கு ஆகாது. நடுவே துளையிட்ட நாற்காலியின் அடியில் வாளி வைத்துச் சமாளிக்கலாம்.

ரொட்டியும் தேத்தண்ணியும் மட்டும் தசை வளர்க்காது. பருப்பு, முட்டை, நெத்தலி தினமும் வேண்டும். முதலில் வீட்டுக் கிழவிக்கு, மிஞ்சினால் மற்றவர்க்கு என்பதே அந்த மாதங்களில் நியாயம்.

வார்டில் சிங்களத்தில் சொன்ன பயிற்சி, வீடு வருமுன் பாதி மறந்துபோகும். தமிழும் அரச கரும மொழி என்று 13ஆம் திருத்தம் 1987இலேயே சொன்னது. பயிற்சித் தாளைத் தமிழில் கேட்பது சலுகை கேட்பதல்ல.

எலும்பு கூட ஏறத்தாழ மூன்று மாதம். வலு திரும்ப ஓராண்டும் ஆகலாம். கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டுவது எல்லாருக்கும் இனி முடியாது. தனியே பீலிவரை நடந்து முகம் கழுவித் திரும்புவது பலருக்கும் முடியும்.