கொவிட் முடக்கமும் அதன் விலையும்: திருகோணமலையிலிருந்து பார்த்த இலங்கை விவாதம்

கொவிட்-19 பெருந்தொற்றை இலங்கை அரசு கையாண்ட முறையும், அதற்காக மக்கள் கொடுத்த பொருளாதார விலையும் 2020 மார்ச் முதல் 2022 நடுப்பகுதி வரை நாட்டின் முதன்மையான பொது விவாதமாக இருந்தன. பாராளுமன்றம், உயர் நீதிமன்றம், மருத்துவர் சங்கங்கள், மீன் சந்தைகள், மையவாடிகள் என்று அது இடம் மாறிக்கொண்டே போய், கடைசியில் எரிபொருள் வரிசையில் வந்து நின்றது. கொழும்பில் அது பெரும்பாலும் 'உயிரா, பொருளாதாரமா' என்ற கேள்வியாகவே பேசப்பட்டது. திருகோணமலை நகரில், பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்துக்கு உட்பட்ட லிங்கநகர் போன்ற குடியிருப்புகளில் அந்தக் கேள்விக்குப் பெரிய பொருள் இருக்கவில்லை. நாட்கூலி, கடல், ஓட்டோ, விடுதி வேலை என்று வாழும் குடும்பத்துக்கு இரண்டும் ஒன்றுதான். 'இழப்பு யார் தலையில் விழுகிறது' என்பதே அங்கே கேட்கப்பட்ட கேள்வி.

முதல் முடக்கம்

இலங்கையின் முதல் நோயாளி சீனாவிலிருந்து வந்த ஒரு சுற்றுலாப் பயணி. 2020 ஜனவரி 27 அன்று அவருக்குத் தொற்று உறுதியானது. அங்கொடை தொற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றுக் குணமடைந்தார். மார்ச் இரண்டாம் வாரத்தில், இத்தாலியப் பயணிகளுடன் வேலை செய்த வழிகாட்டி ஒருவருக்கு நோய் கண்டபோதுதான் உள்ளூர்ப் பரவல் வெளிச்சத்துக்கு வந்தது. பாடசாலைகள் மூடப்பட்டன, விமான நிலையம் பயணிகளுக்கு அடைக்கப்பட்டது, மார்ச் 20 மாலை நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. மார்ச் 28 அன்று முதல் மரணம் பதிவானது.

அந்த முதல் சுற்றில் அரசு வென்றது என்பதை அதன் எதிரிகளும் மறுக்கவில்லை. ஒக்டோபர் தொடக்கம் வரை நாடு முழுவதும் 13 மரணங்களே பதிவாகியிருந்தன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வீடு வீடாகத் தொடர்பாளர்களைத் தேடிப் பிடித்தார்கள். பல தசாப்தங்களாகக் கட்டப்பட்ட இலவச சுகாதார சேவை கைகொடுத்தது. ஆனால் மேடையில் முன்னால் நின்றவர்கள் சுகாதாரத் துறையினர் அல்லர். கொவிட் தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு மையத்துக்கு இராணுவத் தளபதி சவேந்திர சில்வா தலைவராக்கப்பட்டார். சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகமாக இருந்த வைத்தியர் அனில் ஜாசிங்க 2020 ஓகஸ்டில் சுற்றாடல் அமைச்சின் செயலாளராக மாற்றப்பட்டார். நோயைப் பாதுகாப்புப் பிரச்சினையாகப் பார்க்கும் மனநிலைக்கு இவை அடையாளம் என்று விமர்சகர்கள் சொன்னார்கள். போர்க்காலச் சோதனைச் சாவடிகளை மறக்காத கிழக்கு மக்களுக்கு இந்த விமர்சனத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சட்ட அடிப்படையும் கேள்விக்குள்ளானது. 'பொலிஸ் ஊரடங்கு' என்று அறிவிக்கப்பட்ட இது பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வர்த்தமானியில் வெளியிடப்பட்டதல்ல. நடைமுறையில் 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டமே துணைக்கு அழைக்கப்பட்டது. அதை மீறியதாக 60,000க்கு மேற்பட்டோர் கைதானார்கள். இதே வேளையில் பாராளுமன்றமும் இல்லை. மார்ச் 2 அன்று கலைக்கப்பட்ட அவை, தேர்தல் ஏப்ரல் 25இலிருந்து ஜூன் 20க்கும் பிறகு ஓகஸ்ட் 5க்கும் தள்ளிப்போனதால், ஐந்து மாதங்களுக்கு மேல் கூடவில்லை. இதை எதிர்த்த மனுக்களை உயர் நீதிமன்றம் ஜூன் 2 அன்று விசாரணைக்கு ஏற்காமலே தள்ளுபடி செய்தது. பொதுப்பணம் பெருமளவில் செலவான மாதங்களில் கணக்குக் கேட்கும் சபை பூட்டிக் கிடந்தது. ஓகஸ்ட் தேர்தலில் ஆளும் பொதுஜன பெரமுன 145 ஆசனங்களைப் பெற்றபின் இந்தக் கேள்வியைக் கிளப்பியவர்களின் குரல் எடுபடவில்லை.

ஐயாயிரம் ரூபாவும் அறுபத்தைந்து ரூபாப் பருப்பும்

மார்ச் 17 அன்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ பருப்புக் கிலோ 65 ரூபா, ரின் மீன் 100 ரூபா என்று விலை குறித்தார். குறித்த விலைக்குப் பொருள் கிடைக்கவில்லை. சில வாரங்களில் கட்டுப்பாடே நீக்கப்பட்டது.

ஏப்ரல், மே மாதங்களில் சமுர்த்தி நலன்புரி உதவி பெறுவோர், முதியோர், வருமானம் இழந்தோர் என 50 இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலா 5,000 ரூபா வழங்கப்பட்டது. குறுகிய காலத்தில் மிகப் பலருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அது கிராம உத்தியோகத்தரும் சமுர்த்தி உத்தியோகத்தரும் தயாரித்த பெயர்ப்பட்டியலில் தொங்கியது. வாடகை வீட்டில் இருப்பவர், வாக்காளர் இடாப்பில் வேறு ஊரில் பெயர் உள்ளவர், ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பமாக வாழ்பவர் ஆகியோரின் பெயர் பட்டியலில் ஏறுமா என்பது அந்தந்தப் பிரிவின் அலுவலரைப் பொறுத்தது. அரசியல்வாதிகள் முன்னின்று பணம் கொடுப்பது தேர்தல் காலத்தில் சரியா என்ற சர்ச்சையும் எழுந்தது. 2021 ஓகஸ்ட் முடக்கத்தின்போது கொடுப்பனவு 2,000 ரூபாவாகச் சுருங்கியது. அதற்குள் விலைவாசி ஏறியிருந்தது.

தொழில் துறைக்கு மத்திய வங்கி 4 வீத வட்டியில் 'சௌபாக்கியா' கொவிட் கடன் திட்டத்தைக் கொண்டுவந்தது. கடன் தவணைகளும் ஒத்திவைக்கப்பட்டன. பதிவும் வங்கிக் கணக்குப் புத்தகமும் உள்ள நிறுவனங்களுக்கு இவை உதவின. நாட்டின் உழைப்பாளரில் பாதிக்கு மேற்பட்டோர் முறைசாராத் தொழிலில் இருப்பவர்கள். கரைவலை இழுப்பவருக்கும் வீதியோரத்தில் இடியப்பம் விற்பவருக்கும் வட்டி வீதத்தால் என்ன பயன்?

மீன், மஞ்சள், பாணி

2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும், அதே மாதம் பேலியகொடை மீன் சந்தையிலும் தொற்றுக் கொத்தணிகள் வெடித்தன. பேலியகொடை நாட்டின் மத்திய மீன் சந்தை. திருகோணமலைக் கரையில் ஏறும் மீனில் நல்ல பங்கு ஐஸ் போட்டு லொறியில் அங்கேதான் போகும். சந்தை மூடப்பட்டதும் கரையில் விலை விழுந்தது. அதைவிட மோசமானது, மீன் தின்றால் நோய் வரும் என்ற பீதி. அதைப் போக்க நவம்பர் 17 அன்று முன்னாள் மீன்பிடி இராஜாங்க அமைச்சர் திலிப் வெதஆராச்சி ஊடகச் சந்திப்பில் பச்சை மீனைக் கடித்துத் தின்று காட்டினார். உலகமெல்லாம் சிரித்தது. ஆனால் அவர் சொல்ல வந்தது சரிதான்: மீனவனுக்கு நட்டம் வந்தது நோயால் மட்டுமல்ல, அரசின் தகவல் தொடர்பு தோற்றதாலும்தான்.

அந்நியச் செலாவணியைச் சேமிக்க விதிக்கப்பட்ட இறக்குமதித் தடைகளில் மஞ்சளும் அகப்பட்டது. வாசலில் மஞ்சள் நீர் தெளித்து நோயை விரட்ட வீடுகள் முனைந்த அதே காலத்தில் மஞ்சள் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு ஏறியது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து படகில் கடத்திவரப்பட்ட மஞ்சள் மூட்டைகள் பிடிபடுவது வழமையான செய்தியாயிற்று.

அறிவியலுக்கும் ஆட்சிக்கும் இடையிலான தூரம் அந்த ஆண்டின் கடைசியில் பகிரங்கமானது. சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி மந்திரித்த நீர்க்குடத்தை ஆற்றில் இட்டார். கேகாலையைச் சேர்ந்த ஒருவர் தயாரித்த மூலிகைப் பாணியையும் பகிரங்கமாகப் பருகினார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று ஏற்பட்டது.

எரிக்கப்பட்ட உடல்கள்

இந்த விவாதத்தின் மிகக் கசப்பான பகுதிக்குப் பொருளாதாரக் காரணம் எதுவும் இல்லை. கொவிட்டால் இறந்தோரைப் புதைக்கலாம், எரிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. இருந்தும் ஏப்ரல் 11 வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் மாசடையும் என்று சொல்லப்பட்ட காரணத்துக்கு ஆதாரம் காட்டப்படவில்லை. 2012 கணக்கெடுப்பின்படி திருகோணமலை மாவட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் முஸ்லிம்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் ஜனாஸாவை எரிப்பது என்ற எண்ணமே நோயைவிடப் பெரிய அச்சமாக இருந்தது. கட்டாயத் தகனத்தை எதிர்த்த மனுக்களை உயர் நீதிமன்றம் 2020 டிசம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. அதே மாதம் பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தை கொழும்பில் தகனம் செய்யப்பட்டபோது, பொரளை மயானத்தின் வேலியில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என எல்லோரும் வெள்ளைத் துணி கட்டினார்கள்.

பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்துபோன மறுநாள், 2021 பெப்ரவரி 25 அன்று, அடக்கம் அனுமதிக்கப்பட்டது. அந்த நாள் பொருத்தமே, தடை அறிவியல் காரணத்தால் நின்றதல்ல என்பதற்குப் போதிய சான்று. முதலில் கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவு குறிக்கப்பட்டது. அங்கே எதிர்ப்பு எழவே மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடி தெரிவானது. ஓராண்டுக்குள் நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் 3,600க்கு மேற்பட்ட உடல்கள் அங்கே அடக்கப்பட்டன. கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோரும் முடிவை அமைச்சரவை 2024 ஜூலையில்தான் எடுத்தது.

நான்கு பருவங்கள்

2021 சித்திரைப் புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்குப் பின் மூன்றாம் அலை எழுந்தது. இம்முறை அரசு நாட்டை மொத்தமாக மூடத் தயங்கி, கிராம உத்தியோகத்தர் பிரிவுகளைத் தனித்தனியாக அடைத்தது. மே மாதத்தில் இவ்வாறு தனிமைப்படுத்தப்பட்ட திருகோணமலை நகரப் பிரிவுகளில் லிங்கநகரும் ஒன்று. பொருளாதாரத்துக்குக் குறைந்த சேதம் என்று இந்த முறைக்கு வாதம் சொல்லப்பட்டது. நாட்டுக் கணக்கில் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அடைக்கப்பட்ட பிரிவுக்குள் இருப்பவருக்குச் சேதம் முழுமையானது. அடுத்த வீதி திறந்திருக்க, இவருடைய கூலி மட்டும் நின்றது. மே 21 முதல் ஒரு மாதம் நாடு தழுவிய பயணக்கட்டுப்பாடு வந்தபோது இந்த வேறுபாடு மறைந்தது.

ஓகஸ்டில் டெல்டா திரிபு நாளொன்றுக்கு 200 பேருக்கு மேல் கொன்றது. மருத்துவர் சங்கங்களும் பௌத்த மகாநாயக்க தேரர்களும் நாட்டை மூடச் சொன்னார்கள். அரசின் பங்காளிக் கட்சிகளே கடிதம் எழுதின. ஜனாதிபதி நாள்களைக் கடத்தி, ஓகஸ்ட் 20 அன்றுதான் இணங்கினார். அந்த முடக்கம் ஒக்டோபர் 1 வரை நீடித்தது. அதே வேளை தடுப்பூசி வேகம் பிடித்தது. இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியதால் இரண்டாம் டோஸுக்குப் பல இலட்சம் பேர் காத்துக் கிடந்த நெருக்கடியை ஜப்பான் அனுப்பிய அஸ்ட்ராசெனெகா தீர்த்தது; புதிதாக ஊசி பெறுவோருக்குச் சீனாவின் சினோபார்ம் கைகொடுத்தது. ஆண்டு முடிவதற்குள் சனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டு டோஸும் பெற்றிருந்தார்கள். இது அரசின் கணக்கில் எழுத வேண்டிய சாதனை.

கொழும்பின் புள்ளிவிவரங்கள் கவனிக்காத ஒன்று கிழக்கின் நாட்காட்டி. தெற்கு, மேற்குக் கரைகளுக்குச் சுற்றுலாப் பருவம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. திருகோணமலையின் நிலாவெளி, உப்புவெளி, புறாமலை ஆகியவற்றுக்கு அது சித்திரையில் தொடங்கிப் புரட்டாதியில் முடியும். பிறகு வாடைக்காற்று கடலை மூடிவிடும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு அவ்வாண்டுப் பருவத்தின் வாசலில் நடந்தது. 2020 ஊரடங்கும் விமான நிலைய மூடலும் அடுத்த பருவத்தை விழுங்கின. விமான நிலையம் மீண்டும் திறந்தது 2021 ஜனவரி 21 அன்று, அதாவது மேற்குக் கரைக்கு உகந்த காலத்தில். கிழக்கின் முறை வந்தபோது பயணக்கட்டுப்பாடும் டெல்டாவும் வந்தன. 2022 பருவத்தில் நோய் தணிந்திருந்தது. ஆனால் பெற்றோல் இல்லை. அவ்வாண்டு ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவை தவிர்ந்த எவருக்கும் எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டது. இப்படித் தொடர்ந்து நான்கு பருவங்களை இழந்த விடுதிக்காரருக்கும் படகோட்டிக்கும் தனியாக எந்தக் கணக்கும் போடப்படவில்லை. தேசிய அளவில் சுற்றுலா வருமானம் 2018இல் 440 கோடி டொலர். 2021இல் ஏறத்தாழ 50 கோடி.

பெருந்தொற்றா, கொள்கையா?

உலகெங்கும் இந்த விவாதம் நடந்தது. சுவீடன் மூடாமல் சமாளிக்கப் பார்த்தது; நியூசிலாந்து எல்லையை அடைத்தது; இந்தியா நான்கு மணிநேர அவகாசத்தில் முடங்கி, இலட்சக்கணக்கான தொழிலாளரை நெடுஞ்சாலையில் நடக்கவிட்டது. இலங்கையின் தனித்தன்மை, நோய் வரும்போதே கஜானா காலியாக இருந்தது. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 12.6 வீதத்திலிருந்து 2020இல் 9 வீதமளவுக்கு விழுந்தது. 2019 முடிவில் 760 கோடி டொலராக இருந்த வெளிநாட்டுச் செலாவணிக் கையிருப்பு, 2021 முடிவில் 310 கோடிக்கு வந்தது. 2021 மே மாதத்தின் இரசாயன உரத் தடை கந்தளாய், சேருவில, மூதூர் வெள்ளாமைக்காரரையும் நெருக்கடிக்குள் இழுத்தது. கடன் கேட்டு இந்தியாவை நாடிய நிலையில், 2022 ஜனவரியில் திருகோணமலை எண்ணெய்க் குதங்களில் 61ஐ இந்திய-இலங்கைக் கூட்டு நிறுவனத்துக்கு வழங்கும் உடன்படிக்கை கையெழுத்தானது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு இடைநிறுத்தியது.

பெருந்தொற்றே காரணம் என்பது ஆட்சியாளரின் வாதம். அது பாதி உண்மைகூட இல்லை. அதே நோயைச் சந்தித்த அயல்நாடுகள் வங்குரோத்தாகவில்லை; வரிக்குறைப்பும் உரத் தடையும் வைரஸால் வந்தவையல்ல. சர்வதேச நாணய நிதியத்தை நாடுவதைத் தள்ளிப்போட்டதும், 2022 ஜனவரியில் 50 கோடி டொலர் பிணைமுறிக்குக் கையிருப்பிலிருந்து கொடுத்ததும் தெரிந்தே எடுத்த முடிவுகள். உலக வங்கியின் கணிப்பில் வறுமை 2019இல் 11.3 வீதம், 2022இல் 25 வீதம்.

மக்கள் எதிர்ப்பின் நடுவே 2022 மே 9 அன்று பிரதமர் பதவியைத் துறந்த மஹிந்த ராஜபக்ஷ மறுநாள் தஞ்சம் புகுந்தது திருகோணமலைக் கடற்படைத் தளத்தில்தான். செய்தி பரவியதும் மக்கள் தளத்தின் வாசலில் திரண்டு கோஷமிட்டார்கள். ஜூலையில் கோட்டாபயவும் நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி விலகினார். கொவிட்டால் நாட்டில் பதிவான மரணங்கள் 16,800க்கு மேல்.

2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம், பொருளாதாரச் சரிவுக்குக் கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ சகோதரர்களும் முன்னாள் மத்திய வங்கி ஆளுநர்களான அஜித் நிவார்ட் கப்ரால், டபிள்யூ. டி. லக்ஷ்மன் உள்ளிட்ட அதிகாரிகளும் பொறுப்பு என்றும், அவர்கள் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்றும் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மனுதாரருக்கு வழக்குச் செலவாகத் தலா 150,000 ரூபா வழங்கப் பணிக்கப்பட்டது. பொதுமக்களுக்கு இழப்பீடு எதுவும் விதிக்கப்படவில்லை.