செரு தணிந்த ஊரில் துப்பாக்கி

திருத்தணி மலையில் சூரசம்ஹாரம் கிடையாது. ஐப்பசி சஷ்டியன்று திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரன் தலை விழும் நேரத்தில், இங்கே முருகனுக்குக் கூடை கூடையாகப் பூக்கொட்டி அர்ச்சனை நடக்கிறது. அசுரனோடும், வள்ளிக்காக வேடர்களோடும் மோதி முடித்து, சினம் ஆறி வந்து அமர்ந்த இடம் என்கிறது தலபுராணம். செரு தணிந்ததால் செருத்தணி, அதுவே திருத்தணி. ஆனால் 365 படி ஏறி நின்று வடக்கே நகரி மலைகளைப் பார்க்கிறவர் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். அந்த மலைகளுக்கும் இந்த ஊருக்கும் நடுவே பல தலைமுறைகளாகத் துப்பாக்கி புழங்கியிருக்கிறது. கைக்கு எட்டும் விலையில் நம்பகமான துப்பாக்கி எது என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கிறது.

சொல்லே வெளியூர்ச் சரக்கு. துருக்கியின் ‘துஃபெக்’ பாரசீகம், உருது வழியாக இறங்கித் தமிழில் துப்பாக்கி ஆனது. ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் தெலுங்கில் துபாகி. நாட்டுத் துப்பாக்கியை இருபுறமும் கிட்டத்தட்ட ஒரே பெயரில்தான் சொல்கிறார்கள்.

பாளையக்காரர் காலத்தில் திருத்தணி கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்தது. அவர்களின் ஆட்கள் தோளில் கிடந்தது திரித்துப்பாக்கி. உள்ளூர்க் கொல்லர் இரும்புப் பட்டையைச் சுற்றிக் காய்ச்சித் தட்டிச் செய்த நீண்ட குழல். கனன்றுகொண்டே இருக்கும் நூல் திரி. விசையை இழுத்தால் திரி சாய்ந்து மருந்தைத் தொடும். மழை வந்தால் பயன்படாது. இருட்டில் திரியின் பொறி ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் சக்கிமுக்கிக் கல் வேண்டாம், நுட்பமான சுருள்வில் வேண்டாம். கெட்டால் ஊர்ப் பட்டறையிலேயே சரிசெய்துகொள்ளலாம். ஏழை நாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான ஆயுதம் அன்று இருந்ததில்லை.

அதற்கு எதிரே வந்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் மஸ்கெட். 1781 செப்டம்பர் 27 அன்று, திருத்தணிக்குப் பக்கத்துச் சோளிங்கரில் மைசூர் ஐதர் அலியின் படையும் கம்பெனித் தளபதி அயர் கூட்டின் படையும் மோதின. இங்கிலாந்து ராணுவத்தின் மஸ்கெட்டைப் பார்த்து, செலவைக் குறைப்பதற்காகக் குழலை 39 அங்குலமாகச் சுருக்கி, பித்தளைப் பூண்களை எளிமையாக்கி, கம்பெனி தன் சிப்பாய்களுக்கென்று ஒரு மலிவு மாடல் செய்யவைத்திருந்தது. பெயர் ‘இந்தியா பேட்டர்ன்’. 1790-களில் பிரான்ஸோடு போர் மூண்டதும் லண்டனில் ஆயுதத் தட்டுப்பாடு வந்தது. கம்பெனியின் கிடங்கிலிருந்ததை அரசாங்கமே வாங்கிக்கொண்டது. 1797-ல் அதையே தன் படைக்கு முறையான துப்பாக்கியாக ஏற்றது. நெப்போலியனை வீழ்த்திய படை தூக்கிச் சென்றது, நம் மண்ணின் சிப்பாய்க்குச் சிக்கனமாகப் போதும் என்று செய்யப்பட்ட அதே துப்பாக்கியை. சிக்கனமும் நல்ல வேலைப்பாடும் சேர்ந்தே இருக்கலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேட வேண்டியதில்லை.

அப்புறம் பறிமுதல் காலம். கட்டபொம்மனும் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டபின், 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிக்கை விட்டார். தென் சீமைப் பாளையங்களில் கோட்டைகளை இடிக்கவேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்கவேண்டும். வடக்கே சித்தூர்ப் பாளையங்கள் 1804-ல் கிளர்ந்து, அவையும் அடக்கப்பட்டன. ஊர்ப் பட்டறையில் குழல் தட்டிய கைகளுக்கு மெல்ல மெல்லக் கலப்பைக் கொழு மட்டும் மிஞ்சியது.

நாடு முழுமைக்குமான பூட்டு 1878-ல் விழுந்தது. வைசிராய் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டப்படி இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் தேவை. ஐரோப்பியருக்குப் பெரும்பாலும் விலக்கு. அகிம்சையே உயிர்மூச்சாக வாழ்ந்த காந்தியையும் இந்த அநீதி உறுத்தியது. 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு முன் வைசிராய் இர்வினிடம் வைத்த 11 கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் தரவேண்டும், அது மக்கள் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும் என்பதும் ஒன்று.

இந்த வரலாற்றில் அதிகம் இழந்தவர்கள் நரிக்குறவர்கள். வடமேற்கிலிருந்து வந்து, வாக்ரிபோலி பேசி, தமிழும் தெலுங்கும் சரளமாகப் பழகி, கோயில் ஊர்களையும் ரயிலடிகளையும் சுற்றி வாழ்ந்தவர்கள். அவர்கள் கையிலிருந்தது குழலின் வாய்வழியே மருந்து இட்டுக் கெட்டிக்கும் ஒற்றைக் குழல் துப்பாக்கி. போலீஸ் காகிதங்களில் அது எஸ்.பி.எம்.எல். முதலில் கருமருந்து, அதன்மேல் தேங்காய் நார், அப்புறம் ரவை, மீண்டும் நார். ஒவ்வொன்றுக்கும் கோலால் இடி. கடைசியில் பின்புறக் காம்பில் கேப்பு. ஒரே ஒரு வெடி. தவறினால் கௌதாரி பறந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். அதனால் அவர்கள் குறி தவறாமல் இருக்கப் பழகினார்கள். பழைய குழலுக்குப் புதுக் கட்டை இழைப்பதும், தேய்ந்த விசையை அரம் போட்டுச் சீராக்குவதும் குடும்பத்துக்குள் கைமாறிய வித்தை. குறைந்த செலவில் நிறைந்த துப்பாக்கி என்றால் அது அவர்களுடையதுதான்.

1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்தியது. காட்டைக் காப்பாற்ற அது தேவைதான். ஆனால் வேட்டையை விட்டவர்களுக்கு வேறு பிழைப்பு யாரும் கையில் எடுத்துக் கொடுக்கவில்லை. அவர்களே ஊசிமணிக்கும் பாசிமணிக்கும் மாறிக்கொண்டார்கள். கர்நாடகத்தின் குடகில் கதை வேறு. குடகர்களுக்கு ஆங்கிலேயர் கொடுத்த லைசென்ஸ் விலக்கு இன்றும் தொடர்கிறது. கைல்போது திருநாளில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டிக் கும்பிடுகிறார்கள். அவர்கள் மரபை அரசு மதித்தது சரி. துப்பாக்கியையே தொழிலாகக் கொண்ட நரிக்குறவருக்கு அந்த மதிப்பில் ஒரு பங்காவது கிடைத்திருக்கவேண்டும். பழங்குடிப் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறவே 2023 ஜனவரி ஆகிவிட்டது.

விடுதலைக்குப் பின் 1959-ல் புதிய ஆயுதச் சட்டம். 1962-ல் அமலுக்கு வந்தது. இடையில் திருத்தணியின் எல்லையே நகர்ந்தது. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டமும் எல்லை பற்றிய படாஸ்கர் தீர்ப்பும் பலன் தந்து, 1960 ஏப்ரல் 1 அன்று ஊர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. துப்பாக்கி லைசென்ஸில் எந்த மாவட்டம், எந்த மாநிலம் வரை செல்லும் என்று எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் லைசென்ஸ் வைத்திருப்பவர் பள்ளிப்பட்டு வரை துப்பாக்கியோடு போகலாம். ஆந்திரத்து நகரிக்குள் கால் வைத்தால் குற்றம். ஒரே காட்டுப்பன்றி இரண்டு மாநிலத்து வேர்க்கடலையையும் தோண்டித் தின்னும் ஊரில், இது விவசாயியை நேராகத் தொடும் விஷயம்.

சட்டம் இன்னொரு கோடும் கிழித்தது. ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் அளவுத் தோட்டாக்கள் பொதுமக்களுக்குத் தடை. அதற்காகவே இச்சாப்பூர் அரசு ஆயுத ஆலை, .303 ரைஃபிளின் அதே இயக்கமுறையில் .315 அளவுக்கு ஒன்றைச் செய்து குடிமக்களுக்கு விற்றது. ஒவ்வொரு தடவையும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளவேண்டும். தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வேண்டுமென்றால் கலெக்டர் அனுமதி போதாது, டெல்லி வரை போகவேண்டும். சாதாரண ஆளுக்கு அது கிடைப்பதில்லை.

அந்த வகையை நம்மூர்க்காரர் பார்த்திருப்பது போலீஸ் தோளில்தான். 1962 சீனப் போரில் .303-ஐ வைத்துக்கொண்டு நம் வீரர்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு இச்சாப்பூரில் வந்த எஸ்.எல்.ஆர். அது. ஒரு மீட்டருக்கு மேல் நீளம், நான்கு கிலோவுக்கு மேல் எடை, ஜீப்பில் ஏறி இறங்கினால் கதவில் இடிக்கும். தோள்கட்டையை மடிக்கும் யோசனை இரண்டாம் உலகப் போரில் பரவியது. பாராசூட்டில் குதிப்பவருக்காக அமெரிக்கர்கள் 1942-ல் எம்1ஏ1 கார்பைனுக்கு மடியும் கட்டை வைத்தார்கள். 1966-ல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை, தன் ஊர்ப் பெயரையே சூட்டிச் செய்யும் ‘திருச்சி அசால்ட் ரைஃபிள்’ அந்த வழியில் வந்ததுதான். கட்டை மடியும், தோட்டா 7.62×39 மி.மீ. தமிழ்நாட்டில் தயாராகி நாடெங்கும் காவல் படைகளுக்குப் போகும் இந்த ரைஃபிளை, தமிழ்நாட்டில் ஒரு குடிமகன் கடையில் வாங்க முடியாது. அப்படி இருப்பதே நல்லது. கூட்டத்தில் ஒருவன் அதைத் தூக்கினால் என்ன ஆகும் என்று அமெரிக்கப் பள்ளிக்கூடங்கள் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டன.

ஆக மிஞ்சுவது 12 போர் ரவைத் துப்பாக்கி. வேலூர்ச் சீமையில் வீட்டுக்கு வீடு ராணுவத்தில் சேரும் கம்மவான்பேட்டை போன்ற ஊர்கள் உண்டு. ஓய்வு பெற்று வரும் ஜவான் வங்கிக் காவல் வேலைக்குப் போகவேண்டுமானால் சொந்த லைசென்ஸும் துப்பாக்கியும் வேண்டும். பென்ஷன் பணத்துக்குள் வாங்கியாகவேண்டும். ஒற்றைக் குழலா, இரட்டைக் குழலா? ஜம்முவில் செய்ததா, பீகாரின் முங்கேரில் செய்ததா, அரசு ஆலைச் சரக்கா? பழசு என்றால் பார்க்கவேண்டியவை பல. குழலை மடித்துத் திறந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே கண்ணாடிபோல் வட்டம் வட்டமாகத் தெரியவேண்டும். புள்ளி தெரிந்தால் துரு அரித்திருக்கிறது. மூடி உலுக்கினால் கீலில் ஆட்டம் கூடாது. கட்டையின் கழுத்தில் விரிசல் ஒளிந்திருக்கும். குழலில் வெட்டிய எண்ணும் லைசென்ஸில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். இருபது வருஷம் ஆயுதம் துடைத்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். வருஷத்துக்கு இத்தனைதான் என்று லைசென்ஸில் எழுதிய கணக்குக்குள், கட்கி ஆலையின் சக்திமான் தோட்டா வாங்கிக்கொள்ளலாம்.

2019-ல் சட்டம் மறுபடி இறுகியது. ஒருவர் மூன்று துப்பாக்கி வைக்கலாம் என்பது இரண்டாயிற்று. லைசென்ஸைப் புதுப்பிக்கும் காலம் மட்டும் மூன்றிலிருந்து ஐந்து வருஷமாக நீண்டது.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகள் காவல் நிலையத்துக்குப் போகும். வங்கிக் காவல் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. 2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16 அன்று அறிவிப்பு வந்தது. திருத்தணி அடங்கிய அரக்கோணம் தொகுதி ஏப்ரல் 19-லேயே ஓட்டுப்போட்டுவிட்டது. அடுத்த வயல் கிடக்கும் ஆந்திரத்தில் மே 13. எண்ணிக்கை ஜூன் 4. அத்தனை நாளும் துப்பாக்கிகள் அட்டைச் சீட்டுக் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். ரசீதைக் கொடுத்துத் திரும்ப வாங்குகிறவர் வாசலுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குழலை மடித்துத் திறந்து, ஒரு கண்ணை மூடி, வானத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார்.