எவன்ஸ் கம்பிற்றும் சதுரங்கக் கோட்பாட்டின் வளர்ச்சியும்

சதுரங்கத்திலே பொருள், காலம், இடம் என மூவகைச் செல்வங்கள் உள. பொருளாவன காய்கள், காலமாவன நகர்வுகள், இடமாவன ஆளப்படும் கட்டங்கள். இவற்றுள் ஒன்றை ஈந்து மற்றொன்றைப் பெறுதல் எத்துணைத் தகும் என்பதே ஆட்டக் கோட்பாட்டின் நெடுநாள் வினா. தொடக்கத்திலேயே காயொன்றைத் தானாகக் கொடுத்துத் தாக்குதலை நாடும் முறையைக் 'கம்பிற்' என்பர். மற்போரிலே எதிரியின் காலை இடறுதலைக் குறித்த இத்தாலியச் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். அவ்வகையுள் ஒன்றாகிய எவன்ஸ் கம்பிற்றின் வரலாறு, மேற்கூறிய வினாவுக்கு விடை தேடிய வரலாறேயாகும்.

இதனைக் கண்டவர் உவேல்ஸ் நாட்டினரும் தபாற்கப்பல் தலைவருமாகிய வில்லியம் டேவீஸ் எவன்ஸ் (1790 – 1872). 1820களிலே இலண்டனில் மக்டொனல் என்னும் வல்லாரை அவர் இம்முறையால் வென்றார். பின்னர் 1834ஆம் ஆண்டில் மக்டொனலும் பிரான்சியராகிய லா பூர்டொனேயும் அந்நகரில் ஆடிய நெடும் போட்டிகளில் இருவரும் இதனைக் கையாளவே, இதன் புகழ் பரவிற்று.

இதன் உட்கருத்து யாது? இரு திறத்தாரும் அரசன்முன் நிற்கும் காலாளை இரண்டு கட்டம் செலுத்தி, ஒரு குதிரையையும், மூலைவாட்டமாகச் செல்லும் மந்திரியையும் வெளிக்கொணர்வர். நான்காம் நகர்விலே வெள்ளை, அரசிப்பக்கக் குதிரையின் முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் செலுத்திக் கறுப்பு மந்திரிக்கு இரையாக்குகிறது. மந்திரி அதனை வெட்டியதும் பக்கத்துக் காலாள் ஒரு கட்டம் நகர்ந்து அம்மந்திரியைத் துரத்துகிறது. மந்திரி மீண்டும் இடம்பெயரச் செலவாகும் அந்த ஒரு நகர்வே வெள்ளையின் ஊதியம். அவ்வூதியத்தைக் கொண்டு அரசியின் காலாள் நடுப்பலகையைப் பற்றுகிறது. மற்றை மந்திரிக்கும் வழி திறக்கிறது. அது கறுப்பரசன் கோட்டை கட்டுதலைத் தடுக்க வல்லது.

1852ஆம் ஆண்டில் பேர்லினிலே, கணித ஆசிரியராகிய அண்டேர்சன் இத்தொடக்கத்தால் டியுபிறேனை வென்றார். அரசியையே பலிகொடுத்து 24ஆம் நகர்வில் அரசனை முடக்கிய அவ்வாட்டம் 'வாடாத ஆட்டம்' எனப் போற்றப்படுகின்றது.

வியப்பின் காலம் கழிய, ஆராய்ச்சியின் காலம் தோன்றிற்று. பலியை ஏற்றுப் பொறுமையோடு காத்தால் இறுதியிற் பொருளே வெல்லும் என்றார் ஸ்ரைனிற்ஸ். இரசியராகிய சிகோரின் அதனை மறுத்தார். 1889இல் ஹவானாவில் நிகழ்ந்த உலகப் பட்டப் போட்டியில் ஸ்ரைனிற்ஸ் வென்றாராயினும், 1890 – 91இல் தந்தி வாயிலாக ஆடிய இரண்டு ஆட்டங்களிலும் சிகோரினே வென்றார். அவற்றுள் ஒன்று எவன்ஸ் கம்பிற்று. ஆகவே, வழக்குத் தீர்ந்தபாடில்லை.

அதற்குப் புதுவழி காட்டியவர் இமானுவேல் லஸ்கர். அவர் பெயரால் வழங்கும் தற்காப்பில், கறுப்பு தன் மந்திரியை முன்னதாகவே பின்னிழுத்து, பெற்ற காலாளைத் திருப்பிக் கொடுக்க ஆயத்தமாகிறது. வெள்ளை அதனைக் கொண்டால் அரசிகள் ஒன்றையொன்று வெட்டிப் பலகையை நீங்குகின்றன, தாக்குதல் அவிகின்றது, துணையின்றிப் பிரிந்து நிற்கும் காலாட்களே வெள்ளைக்கு எஞ்சுகின்றன. பற்றுதலால் ஆகாதது விடுதலால் ஆயிற்று. இதன்பின் பெரும் போட்டிகளில் எவன்ஸ் கம்பிற்று அருகிப்போயிற்று.

எனினும், கோட்பாட்டின் தீர்ப்பு என்றும் முடிந்த தீர்ப்பன்று. 1995ஆம் ஆண்டில் றீகா நகரிலே கஸ்பறோவ் இதனைச் சென்னையைச் சேர்ந்த விசுவநாதன் ஆனந்துக்கு எதிராக எடுத்தாண்டார். ஆனந்தின் குதிரை வெள்ளை மந்திரியைத் தாக்கியபொழுது, கொடுத்த பொருளை உடனே மீட்கும் பழைய வழியை விடுத்து, அம்மந்திரியை அமைதியாகப் பின்னிழுத்தார். 25 நகர்வுகளில் வெற்றி அவரதாயிற்று.

லஸ்கர் பெற்றதை விடத் துணிந்தார். கஸ்பறோவ் கொடுத்ததை மீட்க விரைந்தாரல்லர். இருவரும் காலாளின் விலையை எண்ணிக்கையால் அளவாது, அப்பொழுதைய நிலையால் அளந்தனர். கொடுத்தலோ கொள்ளலோ தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. அதன் பயனை நிலையே வகுக்கும். ஒரு காலாளைப் பற்றி ஏறத்தாழ இருநூறாண்டு நிகழ்ந்த விவாதம் நமக்குணர்த்தும் உண்மை இதுவேயாகும்.