பட்டு – வந்த வழியும் தந்த விலையும்

நம் வீடுகளில் கல்யாணம் நிச்சயமானவுடன் முதலில் எழுதப்படுவது புடவைப் பட்டியல்தான். நிச்சயதார்த்தத்துக்கு ஒன்று, ஊஞ்சலுக்கு ஒன்று, முகூர்த்தத்துக்குக் கூறைப்புடவை, நலங்குக்கு ஒன்று என்று அது நீளும். டில்லியிலும் கொல்கத்தாவிலும் வசித்தாலும், இதற்கென்றே காஞ்சிபுரம் வரை போய் வருகிறவர்கள் நம்மில் உண்டு. பருத்தித் துணியை அன்றாடம் நனைத்து உலர்த்தினால்தான் மடி; பட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்ற வழக்கமும் நம்மிடம் நெடுநாளாக இருக்கிறது. இத்தனை மதிப்புப் பெற்ற இந்த இழை எங்கிருந்து வந்தது, அதற்காக மனிதர்கள் என்னென்ன விலை கொடுத்தார்கள் என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

புழுவும் இழையும்

முசுக்கொட்டை (மல்பெரி) இலையைத் தின்று வளரும் புழுவின் விஞ்ஞானப் பெயர் பாம்பிக்ஸ் மோரி. முட்டையிலிருந்து வெளிவந்து ஏறக்குறைய 25 நாட்கள் ஓயாமல் தின்று, நான்கு முறை தோல் உரித்த பிறகு, அது கூடு கட்டத் தொடங்குகிறது. இரண்டு மூன்று நாட்களில் வேலை முடிந்துவிடும். ஃபைப்ராயின் என்ற புரதம் இழையாகவும், செரிசின் என்ற புரதம் அதைச் சுற்றிய பசையாகவும் அமைகின்றன. ஒரு கூட்டின் இழை அறுபடாமல் பல நூறு மீட்டர் நீளம் வரும். நல்ல ரகங்களில் 1 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு.

கூட்டினுள் புழு கூட்டுப்புழுவாகிப் பின் அந்துப்பூச்சியாக மாறுகிறது. வெளியே வரும்போது ஒரு திரவத்தைச் சுரந்து கூட்டின் முனையை நெகிழச் செய்து துளைக்கிறது. அப்போது இழையின் தொடர்ச்சி போய்விடும். எனவேதான் பூச்சி வெளிவருமுன் கூடுகளை ஆவியிலோ வெந்நீரிலோ இட்டு உள்ளிருக்கும் உயிரைக் கொன்றுவிடுகிறார்கள். இந்த விவரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ரோமாபுரியின் தங்கம்

புழுவை வளர்த்து நூல் எடுக்கும் கலையை முதலில் கண்டறிந்தவர்கள் சீனர்கள். அந்நாட்டின் செஜியாங் மாநிலத்தில் சுமார் 4,700 ஆண்டுகள் பழமையான பட்டுத்துணி அகழ்வாய்வில் கிடைத்திருக்கிறது. கி.மு. 138-ல் ஹான் பேரரசர் அனுப்பிய தூதர் சாங் சியெனின் பயணத்துக்குப் பிறகு மேற்கு நோக்கிய வணிகம் பெருகிற்று. இந்த வழிகளுக்கு 'பட்டுப் பாதை' என்ற பெயரைப் பிரபலப்படுத்தியவர் ஜெர்மன் புவியியல் அறிஞர் ரிக்டோஃபென், அது 1877-ல்தான்.

இந்தியா, சீனா, அரேபியா ஆகிய நாடுகளின் ஆடம்பரப் பொருள்களுக்காக ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸ் நாணயம் ரோமாபுரியை விட்டுப் போகிறது என்று கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி புலம்பினார். அதே நூற்றாண்டின் 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்க நூல், சீனப் பட்டு பாக்ட்ரியா வழியாகப் பரூச் துறைமுகத்துக்கும், கங்கை வழியாகத் தமிழகக் கரைக்கும் வந்ததைக் குறிப்பிடுகிறது. ஆக, கப்பலேறும் சரக்காகப் பட்டு நம் முன்னோர் கண்ணில் பட்டு 1,900 ஆண்டுகளுக்கு மேலாகிறது. சீனர் காத்த ரகசியமோ கி.பி. 552 வாக்கில் மேற்கே கசிந்தது. துறவிகள் பட்டுப்புழு முட்டைகளை ஜஸ்டினியன் பேரரசரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மூங்கில் கோலுக்குள் ஒளித்துக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள்.

பாரதத்துப் பட்டு

பட்டு முழுவதும் சீனாவிலிருந்துதான் நமக்கு வந்தது என்பது பாதி உண்மைதான். ஹரப்பா, சன்ஹுதாரோ ஆகிய சிந்துவெளி ஊர்களில் கிடைத்த பொருள்களில் ஒட்டியிருந்த நுண்ணிழைகளை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர்கள், அவை பட்டு இழைகளே என்று 2009-ல் வெளியிட்டார்கள். காலம் கி.மு. 2450-க்கும் 2000-க்கும் இடைப்பட்டது. அவற்றில் காட்டுப் பட்டுப்பூச்சியின் இழைகள் அடையாளம் காணப்பட்டன. டசர், எரி, முகா என்று இன்றும் நம் நாட்டில் விளையும் மல்பெரி அல்லாத பட்டுகளுக்கு இவ்வளவு நீண்ட பாரம்பரியம் இருக்கிறது. கௌசேயம் என்ற சொல்லைப் பாணினி அறிவார். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமோ கௌசேயத்தையும் சீனப் பட்டையும் தனித்தனியே கூறுகிறது.

பட்டு வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த சான்று மத்தியப் பிரதேசத்து மந்தசோர் கல்வெட்டு. அவ்வூரின் பழைய பெயர் தசபுரம். லாட தேசம் எனப்பட்ட தென் குஜராத்திலிருந்து பட்டு நெசவாளர் சங்கம் ஒன்று அங்கே குடிபெயர்ந்தது. குப்த மன்னன் குமாரகுப்தன் காலத்தில், கி.பி. 437 வாக்கில், தங்கள் தொழிலில் ஈட்டிய பொருளைக் கொண்டு அவர்கள் சூரியனுக்கு ஒரு கோயில் எழுப்பினார்கள். அது சிதிலமடைந்தபோது, 36 ஆண்டுகள் கழித்து, அதே சங்கம் செப்பனிட்டது. இந்த வரலாற்றைச் சம்ஸ்கிருதச் செய்யுளாக இயற்றியவர் வத்ஸபட்டி என்ற கவி. என்னதான் அலங்காரம் இருந்தாலும் பட்டு உடுத்தாத பெண்ணுக்கு அது நிறைவாகாது என்ற கருத்தையும் இடையே வைத்திருக்கிறார். இன்றைய விளம்பரக்காரர்கள் அவரிடம் பாடம் கேட்கலாம்!

வந்த இடத்தில் எல்லோருமே தறியைத் தொடரவில்லை. சிலர் வில்வித்தையையும், சிலர் ஜோதிடத்தையும், சிலர் கதை சொல்வதையும் மேற்கொண்டார்கள் என்கிறது கல்வெட்டு. ஆனாலும் ஒரு சங்கமாக அவர்கள் கலையவில்லை. ஊர்விட்டு ஊர் வந்து பல தொழில்களில் இறங்கிவிட்ட நமக்கு இதைப் படிக்கும்போது ஒரு நெருக்கம் தோன்றத்தான் செய்கிறது. அதே குஜராத் பக்கத்திலிருந்து பின்னாளில் தெற்கே வந்து, மதுரையில் பட்டுத்தறி போட்ட சௌராஷ்டிர மக்களும் தங்கள் மொழியை இன்றளவும் காத்துவருகிறார்கள்.

நோயும் நுண்ணோக்கியும்

மைசூரில் பட்டு வளர்ப்பு வேரூன்றியது திப்பு சுல்தான் காலத்தில். வங்காளத்திலிருந்து புழுக்களை வரவழைக்க அவர் ஆள் அனுப்பினார். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பெப்ரைன் என்ற நோய் உலகெங்கும் பட்டுத் தொழிலை உலுக்கியது. புழுவின் உடலில் மிளகுப் பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள் தோன்றுவதால் வந்த பெயர் அது. பிரான்சில் 1853-ல் சுமார் 26,000 டன்னாக இருந்த கூடு விளைச்சல் 1865-ல் சுமார் 4,000 டன்னாகச் சரிந்தது.

அந்த ஆண்டு லூயி பாஸ்டரை அரசு அனுப்பியது. அவர் ரசாயனம் படித்தவர். பட்டுப்புழுவை அதுவரை கையில் எடுத்ததில்லை. ஐந்து ஆண்டுகள் பாடுபட்டார். இடையில் 1868-ல் பக்கவாதமும் தாக்கியது. அவர் வகுத்த முறை எளியது. ஒவ்வொரு தாய்ப்பூச்சியையும் தனியே முட்டையிட விட்டு, பிறகு அதை அரைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நோய்த்துகள் தென்பட்டால் அதன் முட்டைகளை அழித்துவிட வேண்டும். நம் நாட்டு முட்டை உற்பத்தி நிலையங்களில் இன்றும் தாய்ப்பூச்சிப் பரிசோதனைதான் அடிப்படை. 1890-களில் ஜம்ஷெட்ஜி டாடா ஜப்பானிய நிபுணர்களைக் கொண்டு பெங்களூரில் பட்டுப் பண்ணை அமைத்தார். மைசூர் அரசின் நெசவாலை 1912-ல் தொடங்கிற்று. சுதந்திரத்துக்குப் பின் மத்திய பட்டு வாரியத்துக்கான சட்டம் 1948-ல் வந்தது. இன்று உலகப் பட்டு உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு.

கடைசி விலை

ரோமாபுரி தங்கத்தைக் கொடுத்தது. நெசவாளர்கள் பிறந்த ஊரைக் கொடுத்தார்கள். எல்லாக் காலத்திலும் உயிரைக் கொடுப்பது புழுதான். 1 கிலோ கச்சாப் பட்டுக்கு 6 முதல் 8 கிலோ கூடுகள் தேவை. ஒரு கூட்டின் எடை 2 கிராமுக்குள். அரைக் கிலோ பட்டு கொண்ட கனமான புடவைக்கு 2,000 உயிர்கள் என்று கணக்கு வருகிறது. காஞ்சி மகா பெரியவர் பட்டு வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னது இதனால்தான். நாமோ அவர் படத்துக்கு முன்பே பட்டு உடுத்தி நிற்கிறோம்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. ரா. வெங்கட்ராமன் குடியரசுத் தலைவராக இருந்தபோது (1987–92), அவர் மனைவி ஜானகி அம்மையார், புழுவைக் கொல்லாத பட்டு கிடைக்குமா என்று கேட்டார். ஆந்திராவின் கைத்தறிக் கூட்டுறவுத் துறையைச் சேர்ந்த குசுமா ராஜய்யா அதையே பிடித்துக்கொண்டு, பூச்சி பறந்த பின் எஞ்சும் கூட்டிலிருந்து நூல் நூற்று 'அகிம்சைப் பட்டு' நெய்தார், காப்புரிமையும் பெற்றார். பளபளப்பு சற்றுக் குறைவு, விலை கூடுதல். அஸ்ஸாமின் எரிப் பட்டையும் பூச்சி வெளியேறிய பிறகு நூற்க முடியும். வளர்ப்புப் பூச்சி பறக்க இயலாதது, சில நாட்களே வாழ்வது, அதை விடுவிப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது.

பட்டை நம்பிப் பிழைக்கும் விவசாயிகளும் நெசவாளர்களும் லட்சக்கணக்கானோர். எனவே அடியோடு விலக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் ஒரு கல்யாணத்துக்குப் பத்துப் பட்டுப் புடவை அவசியமா? கூறைப்புடவை ஒன்று போதும், மற்றவை நல்ல கைத்தறிப் பருத்தியாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு குடும்பமும் தீர்மானித்தால், நெசவாளர் கையில் வேலையும் இருக்கும், ஆயிரமாயிரம் உயிர்களும் பிழைக்கும். பீரோவில் அடுக்கி வைத்த பழம் பட்டுகளையும் பெண்களுக்கும் மாட்டுப்பெண்களுக்கும் எடுத்துக் கொடுக்கலாமே. நல்ல பட்டு இரண்டு தலைமுறை தாங்கும்.